பட்டம் பெறாத பொருளியலறிஞர்

1874 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் விந்தையான பரீட்சை ஒன்று நடைபெற்றது. அது பல்கலைக்கழக மண்டபத்தில் நடைபெறவில்லை. பேராசிரியர் ஒருவரின் வீட்டு வரவேற்பறையில் நடைபெற்றது. எழுதியவர்கள் இரண்டு பெண்கள். பொருளியலும் மெய்யியலும் அடங்கிய அப்பரீட்சைக்கு அமரும் உரிமை அக்காலத்தில் பெண்களுக்கு இருக்கவில்லை. பரீட்சகர்கள் நால்வரும் தாமாக இசைந்து விடைத்தாள்களைப் பார்வையிட்டனர். அப்பெண்களுள் ஒருவரான மேரி பேலிக்கு முதல் வகுப்பே உரியது என்றனர் இருவர். இரண்டாம் வகுப்பே உரியது என்றனர் மற்றை இருவர். எவ்வகுப்பாயினும் என்ன? பட்டம் கொடுப்பதற்குப் பல்கலைக்கழகத்தின் சட்டத்தில் இடமில்லை.

நேயர்களே, ஒரு துறையில் முன்னேறுவதற்கு அறிவும் உழைப்பும் போதும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அது முழு உண்மையா என்பதைப் பொருளியல் துறையிலே புகுந்த பெண்களின் வரலாற்றைக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

மேரி பேலி 1875 இல் நியூனம் கல்லூரி மாணவிகளுக்குப் பொருளியல் கற்பிக்கத் தொடங்கினார். பாடநூல் ஒன்று எழுதும் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1877 இல் தம் ஆசிரியராகிய அல்பிரட் மார்ஷலை மணந்தார். கணவரும் அந்நூலில் கைகோத்தார். 1879 இல் 'கைத்தொழிற் பொருளியல்' என்னும் நூல் இருவர் பெயராலும் வெளிவந்தது. பிரிஸ்டல் நகரக் கல்லூரியிலும் மேரி விரிவுரை நிகழ்த்தினார். அதற்கான ஊதியம் எங்கிருந்து வந்தது? அங்கே தலைவராக இருந்த கணவரின் சம்பளத்திலிருந்து கழித்தே கொடுக்கப்பட்டது.

மார்ஷலின் புகழ் ஓங்க ஓங்க அவர் கருத்தும் மாறியது. முன்னாளில் பெண்களுக்கு மனமுவந்து கற்பித்தவர், கேம்பிரிட்ஜிலே பெண்களுக்குப் பட்டம் வழங்கலாமா என்ற வினா 1896 இல் எழுந்தபோது, வழங்கலாகாது என்ற அணியில் நின்றார். 1879 இல் வந்த நூலை அவர் விரும்பவில்லை. அதனிடத்தில் 1892 இல் தம் பெயரை மட்டும் தாங்கிய வேறொரு சிறு நூலை வெளியிட்டார். மேரி அதற்கு மறுமொழி கூறினாரல்லர். கணவர் 1924 இல் மறைந்தபின், அவர் பெயரால் அமைந்த பொருளியல் நூலகத்தைத் தமது 87 ஆம் வயதுவரை ஊதியமின்றிப் பேணி வந்தார். 1944 இல் காலமானார். பொருளியல் கற்பித்தவர், நூலெழுதியவர், பிறர் எழுதிய நூல்களைக் காத்தவர். ஆயினும் கேம்பிரிட்ஜின் பட்டதாரி ஆகாமலே மறைந்தார்.

இனி, அதே நகரில் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவரைக் காண்போம். 1903 இல் பிறந்த ஜோன் ரொபின்சன், கேம்பிரிட்ஜின் கேர்ட்டன் கல்லூரியில் பொருளியல் பயின்று 1925 இல் இறுதிப் பரீட்சையில் தேறினார். அதற்குள் பெண்களுக்குப் பெயரளவிலான பட்டம் ஒன்றை வழங்கப் பல்கலைக்கழகம் இணங்கியிருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் முழு உறுப்புரிமை கிடைக்கவில்லை. ஒக்ஸ்போர்ட் 1920 இலேயே திறந்துவிட்ட கதவைக் கேம்பிரிட்ஜ் 1948 இலேதான் திறந்தது.

1933 இல், மேரி மார்ஷல் நூலகத்திலே பணியாற்றிக் கொண்டிருந்த காலத்திலேயே, ஜோன் ரொபின்சனின் 'நிறைவில் போட்டிப் பொருளியல்' வெளிவந்தது. போட்டி முழுமையாக இல்லாத சந்தையில் விலையும் கூலியும் எவ்வாறு அமைகின்றன என்பதை ஆராய்ந்த அந்நூல் அவரை உலகறியச் செய்தது. இங்கே ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். ஜோனின் கணவர் ஒஸ்ரின் ரொபின்சனும் பொருளியலறிஞரே. அவர் மனைவியின் எழுத்துக்குத் தடையாக நிற்கவில்லை. ரிச்சர்ட் கான் அந்நூலின் ஒவ்வொரு கட்டத்திலும் வாதித்து உதவினார். கெயின்ஸ் போன்ற பெரியார் அவரைத் தம் ஆராய்ச்சி வட்டத்தில் ஒருவராக ஏற்றனர். மேரிக்கும் ஜோனுக்கும் இடையே இருந்த வேற்றுமை அறிவில் அன்று, சூழலிலே காணப்பட்டது.

ஆனால் இச்சூழலும் அவருக்கு முழு நீதி செய்துவிடவில்லை. 1949 இலே பேராசிரியருக்கு அடுத்த பதவியையும், 1965 இலே பேராசிரியர் பதவியையும் அவர் அடைந்தார். புகழ்பெற்ற நூல் வெளிவந்து 32 ஆண்டுகள் கடந்தபின் அது கிடைத்தது! நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்புண்டு. 1950 களின் இறுதியில் இலங்கையின் தேசிய திட்ட சபை பிறநாட்டுப் பொருளியலறிஞர்களின் கருத்தைக் கேட்டபோது, அவர்களுள் ஜோன் ரொபின்சனும் ஒருவர். இலங்கையின் பொருளாதார வாய்ப்புகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1959 இல் கொழும்பில் வெளியாயிற்று. ஒரு நாடு தன் எதிர்காலத்தைப் பற்றி ஆலோசனை கேட்ட அறிஞருக்கு, அவருடைய சொந்தப் பல்கலைக்கழகம் அன்றுவரை பேராசிரியர் பதவி அளித்திருக்கவில்லை. 1969 இல் தொடங்கிய பொருளியல் நோபல் பரிசும், 1983 இல் அவர் மறையும்வரை, அவரை நாடி வரவில்லை. அப்பரிசைப் பெற்ற முதற் பெண், 2009 இல் பெற்ற அமெரிக்கரான எலினோர் ஒஸ்ட்ரம் ஆவார்.

ஒருவருடைய நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் போதாது என்பதை அமெரிக்கப் பொருளியலறிஞர் பின்னர் உணர்ந்தனர். 1885 இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் பொருளியற் சங்கம், பெண்களின் நிலையை ஆராய 1971 இன் இறுதியில் ஒரு குழுவை அமைத்தது. கரோலின் ஷோ பெல் என்னும் பேராசிரியை அதன் முதல் தலைவர். பல்கலைக்கழகங்களின் பொருளியற் பகுதிகளில் பெண்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பதவிகளில் உள்ளனர் என்று ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுவது அக்குழுவின் பணிகளுள் ஒன்று. எண்ணிக்கை வெளிப்பட்டால், குறை இல்லை என்று எவரும் சாதிக்க முடியாதல்லவா? சங்கம் தோன்றி நூறாண்டு கடந்தபின், 1986 இல், அலிஸ் ரிவ்லின் அதன் முதற் பெண் தலைவரானார்.

அக்குழு 2004 முதல் இளம் ஆசிரியைகளுக்கு மூத்த அறிஞர் வழிகாட்டும் பயிலரங்குகளை நடத்தத் தொடங்கியது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுதியாக இருந்தமையால் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் தெரிவு நடைபெற்றது. ஆகவே இடம் பெற்றவரையும் பெறாதவரையும் பிற்காலத்தில் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. இடம் பெற்றவர்கள் கூடுதலான ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டிருந்தனர். மானியங்களையும் கூடுதலாகப் பெற்றிருந்தனர். எந்தக் கட்டுரையை எங்கே அனுப்புவது, யாரிடம் கருத்துக் கேட்பது என்று சொல்லித்தர ஒருவர் இருந்தமையும் அவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

குறை அனைத்தும் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கான பெருமையில், பதவி உயர்வின்போது பெண்ணுக்குக் குறைந்த பங்கே கிடைக்கிறது என்று அண்மைக்கால ஆய்வொன்று காட்டியுள்ளது. 1879 இல் இருவர் பெயரால் வெளிவந்த அந்தப் பாடநூலை அது நமக்கு நினைவூட்டவில்லையா? ஹாவார்ட் பல்கலைக்கழகப் பொருளியற் பகுதியில் நிரந்தரப் பதவி பெற்ற முதற் பெண்ணான கிளோடியா கோல்டின், பெண்களின் தொழில் வரலாற்றையே ஆராய்ந்து 2023 இல் நோபல் பரிசு பெற்றார். இத்துறை தன்னைத் தானே ஆராயத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு இஃது ஓர் அறிகுறி.

நேயர்களே, நம் பெண்மக்களுட் பலர் பல்கலைக்கழகங்களிற் பொருளியல் பயில்கின்றனர். அவர்களைப் பட்டம் பெறும்வரை உற்சாகப்படுத்தி, அதன்பின் கைவிட்டுவிடுதல் போதாது. எழுதியதற்கு உரிய பெயரையும், உழைத்ததற்கு உரிய பதவியையும், வழிகாட்ட ஒரு மூத்தவரையும் அவர்கள் பெறும்படி செய்தல் ஆசிரியர், பெற்றோர், கணவர் ஆகிய எல்லோருடைய கடமையுமாகும். மேரி மார்ஷலுக்கு முழுமையாகக் கிடைக்காதுபோனவை இவையே.