கறித்தட்டின் மேல் 160 ஆண்டு வழக்கு

1865 ஆகஸ்ட் 30, விடியற்காலை. ஸ்விட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் ஃபால்ஹார்ன் மலை மேல் ஏறத் தொடங்கினார்கள். ஒருவர் உடலியங்கியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக். மற்றவர் வேதியியல் அறிஞர் யோகானஸ் விஸ்லிசெனஸ். முதல் நாள் நண்பகலிலிருந்தே இருவரும் இறைச்சி, முட்டை, பருப்பு எதையும் தொடவில்லை. மாவுச்சத்தைப் பிசைந்து கொழுப்பில் பொரித்த சின்ன அடைகள்தான் சாப்பாடு. ஏரி மட்டத்திலிருந்து 1,956 மீட்டர் ஏறினார்கள். ஏறும்போதும், ஏறி முடித்த பின்னும் வெளியேறிய சிறுநீரைத் தனித்தனியே சேகரித்து எடுத்துவந்தார்கள்.

யுஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியல் மேதையின் கொள்கை ஒன்றைச் சோதிக்கத்தான் இத்தனை சிரமம். வேலை செய்யும் தசை தன்னையே செலவழிக்கிறது, அந்த இழப்பைப் புரதம்தான் ஈடுகட்ட முடியும் என்று லீபிக் 1842-இல் எழுதியிருந்தார். உழைப்பவனுக்கு இறைச்சியே பலம் என்ற முடிவுக்கு ஐரோப்பா வந்துவிட்டிருந்தது. லீபிக் சொன்னது சரியென்றால், மலையேறியவர்களின் சிறுநீரில் புரதம் எரிந்ததற்கு அடையாளமான நைட்ரஜன் எக்கச்சக்கமாகக் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. லண்டனில் வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லாந்து உணவுப்பொருள்களை எரித்து வெப்பம் அளந்து, மறு ஆண்டு கணக்கை முடித்து வைத்தார். எரிந்த புரதத்தின் ஆற்றல் அந்த மலையேற்றத்துக்குப் போதவே போதாது.

ஆனால் அதே 1865-இல்தான் லீபிக்கின் பெயர் தாங்கிய இறைச்சிச் சாறு நிறுவனம் லண்டனில் பதிவானது. உருகுவேயின் ஃப்ரே பென்டோஸ் ஊரில் மாடுகளை வெட்டி, ஏறக்குறைய 30 கிலோ இறைச்சியைக் கொதிக்க வைத்து ஒரு கிலோ கெட்டிச் சாறாக வற்றவைத்தார்கள். நோயாளிக்குத் தெம்பு தரும் என்று அது ஜாடி ஜாடியாக விற்றது. சாற்றில் புரதமும் கொழுப்பும் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை என்று மருத்துவர்கள் சோதித்துச் சொன்ன பிறகும் விற்பனை நிற்கவில்லை. மலையுச்சியில் ஒரு செய்தி, மருந்துக்கடையில் வேறு செய்தி. இறைச்சி பற்றிய முரண்பட்ட செய்திகளின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். உள்நாட்டுப் போரில் வயிற்றுப்போக்கால் மடிந்த வீரர்களைப் பார்த்த மருத்துவர் ஜேம்ஸ் சாலிஸ்பரி, கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சியைக் கொத்தி, வாட்டி, மூன்று வேளையும் தின்னச் சொன்னார். 1888-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். அவர் பெயரில் இன்றும் ஒரு கொத்துக்கறிப் பண்டம் அங்கே விற்கிறது. அதே காலத்தில் மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் ஜான் ஹார்வி கெல்லாக் நடத்திய ஆரோக்கிய இல்லத்தில் இறைச்சிக்கே இடமில்லை. குடலில் அது அழுகி உடலையே நஞ்சாக்குகிறது என்பது அவர் வாதம். ஒரே தலைமுறை வாசகர்கள் இரண்டையும் படித்தார்கள்.

1928-இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் இன்னொரு சோதனை நடந்தது. ஆர்க்டிக் பகுதியில் எஸ்கிமோ மக்களோடு வாழ்ந்து திரும்பிய பயணி வில்யால்மர் ஸ்டெஃபான்சனும் அவர் தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனும் மருத்துவர்கள் பார்வையில் ஓர் ஆண்டு இறைச்சி மட்டுமே உண்டார்கள். தொடக்கத்தில் கொழுப்பில்லாத இறைச்சி மட்டும் தந்தபோது ஸ்டெஃபான்சன் நோயுற்றார்; கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். ஆண்டு முடிவில் இருவருக்கும் பெரிய கேடு எதுவும் தெரியவில்லை. இரண்டே பேர், ஓர் ஆண்டு, செலவுக்கு உதவியது இறைச்சி வணிகர்களின் சங்கம். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லாமல் இதன் முடிவை மட்டும் சொன்னால் அது அரைச் செய்தி.

பிறகு காலம் மாறியது. 1955 செப்டம்பர் 23 அன்று டென்வர் நகரில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்த அமெரிக்க அதிபர் ஐசனோவர், பச்சை வெங்காயம் வைத்த ஹாம்பர்கரை மதிய உணவாகச் சாப்பிட்டார். நெஞ்சு கரித்தபோது வெங்காயத்தின் வேலை என்று நினைத்தார். அன்று நள்ளிரவு தாண்டி வந்தது மாரடைப்பு. இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட் நாட்டு மக்களுக்கு அதை விளக்கிச் சொல்ல, கொலஸ்ட்ரால் என்ற சொல் வீட்டுக்கு வீடு நுழைந்தது. ஐசனோவர் 1949 வரை நாளுக்கு நாலு பெட்டி சிகரெட் பிடித்தவர் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்சல் கீஸ் முன்னால் வந்தது இந்தக் காலத்தில்தான். 1958-இல் அவர் தொடங்கிய ஆய்வு ஏழு நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட நடுத்தர வயது ஆண்களைப் பின்தொடர்ந்தது. செறிவுற்ற கொழுப்பு மிகுந்த ஊர்களில் இதய நோயும் மிகுதி என்றது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீஸ் குற்றம் சாட்டியது கொழுப்பை. வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு சேர்ந்து உடந்தையாக உள்ளே வந்ததுதான் மாடு, பன்றி, ஆடு ஆகியவற்றின் சிவப்பிறைச்சி. புற்றுநோய் வழக்கு தனியாக வந்தது. 1975-இல் நோய்ப்பரவியல் ஆய்வாளர்கள் ஆர்ம்ஸ்ட்ராங், ரிச்சர்ட் டால் இருவரும் 23 நாடுகளின் புள்ளிவிவரங்களை அருகருகே வைத்து, இறைச்சி அதிகம் உண்ணும் நாடுகளில் பெருங்குடல் புற்றுநோயும் அதிகம் எனக் காட்டினார்கள். இறைச்சி அதிகம் உண்ணும் நாடுகளில் காரும் அதிகம், உட்கார்ந்து பார்க்கும் வேலையும் அதிகம். எது காரணம் என்பதை நாடுகளை ஒப்பிட்டு மட்டும் பிரித்தறிய முடியாது.

அறிவியல் இப்படித் தயங்கி நின்றபோதே அரசியல் ஓர் அடி முன்னால் வைத்தது. 1977 ஜனவரியில் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையிலான குழு, இறைச்சியைக் குறையுங்கள் என்று அமெரிக்க மக்களுக்கு வெளிப்படையாக அறிவுறுத்தியது. மாட்டுப் பண்ணையாளர்கள் கொதித்தார்கள். மெக்கவர்னின் சொந்த மாநிலமான தெற்கு டகோட்டாவே மாடு வளர்க்கும் மாநிலம். டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் ‘குறையுங்கள்’ என்பது போய், செறிவுற்ற கொழுப்பைக் குறைக்கும்படியான இறைச்சியைத் தேர்ந்தெடுங்கள் என்றானது. பதினோரு மாதங்களில் மாறியது சோதனைச்சாலை முடிவு அல்ல.

நாடுகளை ஒப்பிடுவதை விட்டு ஆட்களைப் பின்தொடர வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1976-இல் ஹார்வர்டில் தொடங்கிய செவிலியர் நல ஆய்வில் 1,21,000-க்கும் மேற்பட்ட செவிலியர்கள் சேர்ந்தார்கள். 1980-இல் 61 உணவுகள் அடங்கிய ஒரு படிவம் அவர்களுக்கு அஞ்சலில் போனது. அதில் ஒரு வரி: மாடு, பன்றி, செம்மறி இறைச்சியை முதன்மை உணவாகக் கடந்த ஓர் ஆண்டில் சராசரியாக எத்தனை முறை உண்டீர்கள்? பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள். ‘அநேகமாக இல்லை’ என்பதில் தொடங்கி நாளுக்குப் பல முறை என்பது வரை. இரவுப் பணி முடிந்து வந்த ஒரு செவிலியர், போன வருடம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வறுத்த கறி சாப்பிட்டோம் என்று யோசித்து ஒரு கட்டத்தை நிரப்புகிறார். உலகமெங்கும் தலைப்புச் செய்தியாகும் எண்கள் பிறக்கும் இடம் அதுதான்.

அந்தப் படிவங்களிலிருந்து வால்டர் வில்லெட்டும் தோழர்களும் 1990-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இந்த இறைச்சிகளைத் தினமும் உண்ட பெண்களுக்கு, மாதம் ஒரு முறைகூட உண்ணாதவர்களைவிடப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. படித்தவர்கள் திடுக்கிட்டது நியாயமே. ஆனால் அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருந்தது. ஆறு ஆண்டுகளில் 88,751 பெண்களில் அந்த நோய் வந்தது மொத்தம் 150 பேருக்கு. இரண்டு எண்ணும் உண்மை. முதலாவது எண்தான் செய்தித்தாளுக்கு வரும்.

ஆட்களைப் பின்தொடர்ந்தாலும் சிக்கல் தீரவில்லை. பின்னால் வந்த பெரிய அமெரிக்க ஆய்வுகளில் அதிகம் சிவப்பிறைச்சி உண்டவர்கள் அதிகம் புகைத்தார்கள், உடல் எடை கூடியவர்களாக இருந்தார்கள், உடற்பயிற்சி குறைவாகச் செய்தார்கள். கணக்கில் அவற்றைக் கழிக்கலாம். முழுதும் கழிந்துவிட்டதா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இறைச்சிக்குப் பதிலாக எதை உண்டார்கள் என்ற கேள்வியும் உண்டு. அதே செவிலியர்களை வைத்து 2010-இல் போட்ட கணக்கில், ஒரு வேளை சிவப்பிறைச்சிக்குப் பதில் கொட்டைப்பருப்பு என்றால் இதய நோய் அபாயம் 30 சதவீதம் குறைவு, கோழி என்றால் 19 சதவீதம் குறைவு. இறைச்சியை விட்ட இடத்தில் சர்க்கரைப் பண்டம் வந்து உட்கார்ந்தால் கணக்கு என்னவாகும்?

2015 அக்டோபர் 26 அன்று பிரான்சின் லியோன் நகரிலிருந்து வந்த அறிவிப்புதான் இந்த வழக்கில் மிக அதிகம் பேசப்பட்டது. மிக அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமைக்காக 10 நாடுகளைச் சேர்ந்த 22 அறிவியலாளர்கள் 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்தார்கள். சாஸேஜ், பேகன், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியை ‘புற்றுநோய் விளைவிப்பது’ என்ற முதல் பிரிவில் வைத்தார்கள். ஆடு, மாடு, பன்றி முதலியவற்றின் பதப்படுத்தாத இறைச்சி, ‘அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது’ என்ற இரண்டாம்-ஏ பிரிவுக்குப் போனது. முதல் பிரிவில் புகையிலை இருக்கிறது, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, நம் வெற்றிலைபாக்கும் இருக்கிறது. பேகன் சிகரெட் அளவுக்கு ஆபத்து என்று மறுநாள் உலகம் படித்தது.

அந்தப் பட்டியல் சொல்வது அதுவல்ல. ஒரு பொருள் புற்றுநோய் தரும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்பதையே அது தரம் பிரிக்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. உலகில் ஆண்டுதோறும் புகையிலையால் நேரும் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 10 லட்சம் என்றும், பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் நேரக்கூடியது 34,000 என்றும் ஒரு மதிப்பீட்டை முகமையே எடுத்துக்காட்டியது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது இன்னோர் எண். ஓர் ஊரில் வாழ்நாளில் 100 பேருக்கு 5 பேர் அந்த நோய்க்கு ஆளாகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதம் கூடும்போது அது ஏறக்குறைய 6 பேர். ஒரு பெரிய நாட்டின் சுகாதாரத் துறைக்கு அந்த ஓர் ஆள் ஆயிரக்கணக்கான உயிர்கள். தனி மனிதருக்கு அது 100-இல் ஒன்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபர் 1 அன்று, அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 14 பேர் குழு நேரெதிர் அறிவுரை வெளியிட்டது: இப்போது உண்ணும் அளவையே தொடரலாம். பத்திரிகைகள் தலைகீழாகத் திரும்பின. ஆனால் அந்தக் குழுவின் கணக்குகளிலும் இறைச்சியைக் குறைத்தவர்களுக்குச் சிறு நன்மை தெரிந்தது. முந்தைய ஆய்வுகளிலிருந்து எண்கள் பெரிதாக விலகவில்லை. அந்தச் சான்றின் உறுதி குறைவு, அந்த அளவு நன்மைக்காக மக்களை மாறச் சொல்ல முடியாது என்று குழு முடிவெடுத்தது. அதிலும் 11 பேர்தான் அப்படி வாக்களித்தார்கள். மூன்று பேர் குறைக்கலாம் என்றார்கள். மருந்துச் சோதனைக்கான அளவுகோலால் உணவை அளந்தால் புகையிலையின் கேட்டைக்கூட நிரூபிக்க முடியாது என்று ஹார்வர்டு அறிஞர்கள் எதிர்த்தார்கள். குழுவை வழிநடத்தியவரின் முந்தைய சர்க்கரை ஆய்வுக்கு, உணவு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் ஓர் அமைப்பு பணம் தந்திருந்ததும் வெளியே வந்தது.

இதைவிட வியப்பு சியாட்டிலில் நடந்தது. அங்குள்ள சுகாதார அளவீட்டு நிறுவனம் உலக நோய்ச்சுமையைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. சிவப்பிறைச்சி மிகுதியால் 2017-இல் உலகில் ஏறக்குறைய 25,000 பேர் இறந்ததாக அதன் கணக்கு. அடுத்த பதிப்பில், 2019-க்கான எண் ஏறக்குறைய 9 லட்சம்! உலகம் இரண்டே ஆண்டில் அத்தனை கறி தின்றுவிடவில்லை. தீங்கற்ற அளவு நாளுக்கு 20 கிராமுக்குச் சற்றே கூடுதல் என்று முன்பு வைத்திருந்ததை, இம்முறை பூஜ்யம் என்று மாற்றினார்கள். இப்படி முறை மாறியதும் கணக்கு எங்கோ போனது. 2022 அக்டோபரில் அதே நிறுவனம் சான்றுகளுக்கு நட்சத்திரம் கொடுக்கும் புது முறையைக் கொண்டுவந்தபோது, பதப்படுத்தாத சிவப்பிறைச்சிக்கு எதிரான சான்றுக்குக் கிடைத்தது ஐந்தில் இரண்டு நட்சத்திரம். சான்று வலுவற்றது என்று அதற்குப் பொருள். புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்புக்கு ஐந்து.

இந்த 160 ஆண்டு ஏற்ற இறக்கத்திலும் இன்றுவரை பெரிதாக அசையாமல் நிற்பது ஒன்று உண்டு. உப்பும் நைட்ரைட்டும் ஏற்றிப் பதப்படுத்திய இறைச்சி மேல் உள்ள குற்றச்சாட்டுதான் அது. இந்தியாவும் இடம்பெற்ற 21 நாட்டு ஆய்வு 2021-இல் 1,34,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை வெளியிட்டபோது, பதப்படுத்தாத சிவப்பிறைச்சிக்கும் இறப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. வாரம் 150 கிராமும் அதற்கு மேலும் பதப்படுத்திய இறைச்சி உண்டவர்களிடம் தெரிந்தது.

இந்தச் செய்திகள் தமிழ் நாளிதழ்களுக்கு வரும்போது அவற்றோடு வராதது அந்த ஆய்வுகளின் தட்டு. லியோன் கணக்கு நாளுக்கு 50 கிராம், 100 கிராம் என்று ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கி நால்வர் பகிர்ந்து உண்ணும் வீட்டில், வாரத்தின் ஏழு நாளுக்கும் பிரித்தால், எலும்போடு சேர்த்தே ஆளுக்கு நாளொன்றுக்கு 18 கிராம் தேறாது. மறுபுறம், லியோன் குழுவின் வரையறைப்படி உப்பிட்டு, புகையூட்டி, பக்குவம் செய்த எந்த இறைச்சியும் பதப்படுத்தியதே. சூப்பர் மார்க்கெட் உறைபெட்டியில் இருக்கும் கோழி சாஸேஜும் அதில் சேரும். கிராமத்து முற்றத்தில் மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்துக் காயும் உப்புக்கண்டமும் சேரும். உப்புக்கண்டம் வருடத்தில் சில நாள் மழைக்கால ருசி. சாஸேஜ் பாக்கெட் இப்போது பள்ளிக்கூட டிபன் பாக்ஸுக்குள் வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருக்கிறது.