பரங்கிமலைச் சங்கிலியும் அலிப்பூர் ஆண்டெனாவும்

அலிப்பூர் என்றால் கொல்கத்தாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு முதலில் மிருகக்காட்சி சாலை ஞாபகம் வரும். புத்தகப் புழுக்களுக்கு பெல்வெடேர் மாளிகையில் இருக்கிற தேசிய நூலகம். ஆனால் நிலம் வைத்திருக்கிற வங்காளியைக் கேட்டுப் பாருங்கள், கோபால்நகர் ரோட்டு 'சர்வே பில்டிங்'கைச் சொல்வார். மேற்கு வங்க அரசின் நிலப் பதிவேடுகள், நில அளவைத் துறையின் தலைமை அலுவலகம் அங்கேதான்.

நான் பிழைக்க வந்த தொழில் நில அளவை. அதனால் நம் சங்கத்து விசேஷங்களில் யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டு இதைக் கேட்காமல் விடமாட்டார்: "சார், ரோட்டோரத்துல முக்காலி மேல ஒரு வெள்ளைத் தொப்பி வச்சிருக்காங்க. கொஞ்ச தூரத்துல இன்னொருத்தர் கம்பு மேல அதே மாதிரி தொப்பியை மாட்டிக்கிட்டு நடக்கிறார். அது என்ன?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் வரலாறும் சேர்த்து. ஏனென்றால் இந்தக் கதை தொடங்குவது நம்ம சென்னையில், பரங்கிமலையில்!

முதலில் அந்தத் தொப்பி விஷயம்.

முக்காலியில் அசையாமல் இருப்பது 'பேஸ்'. கம்பில் நடப்பது 'ரோவர்'. இரண்டுமே ஜி.பி.எஸ். வாங்கிகள். செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னலை ஒரு வாங்கி மட்டும் தனியாகக் கேட்டால், தன் இடத்தைச் சில மீட்டர் பிசகோடுதான் சொல்லும். கோளின் பாதை, அதன் கடிகாரம், நடுவில் இருக்கும் காற்று மண்டலம் எல்லாம் சேர்ந்து பண்ணுகிற வேலை. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வாங்கிகளுக்கும் இந்தப் பிசகு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அதனால் இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியின் மேல் பேஸை நிறுத்துகிறோம். அது தனக்கு வரும் சிக்னலை நொடிக்கு நொடி ரேடியோவில் ரோவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ரோவர் பொதுவான பிசகைக் கழித்துவிடும். அதற்கு மேல், சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள சிக்னல் அலைகளை முழு எண்ணாக எண்ணிப் பிடித்துவிட்டால் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வரும். அதன்பின் ஓரிரு சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும்.

அவ்வளவுதான். தெரிந்த ஒரு புள்ளியிலிருந்து தெரியாத புள்ளிக்குப் போவது. இந்த யோசனைக்கு வயது இருநூறுக்கு மேல்.

பரங்கிமலையில் ஒரு கோடு

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம், 57 நாள் வேலை. நூறடி எஃகுச் சங்கிலியை வெறும் தரையில் போட்டு இழுக்கவில்லை. மரப் பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க வெப்பமானி வைத்து, நானூறு தடவை மாற்றி மாற்றி வைத்து அளந்தார்கள். இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களால் கட்டிய மாபெரும் முக்கோண அளவைக்கு இதுதான் பிள்ளையார் சுழி.

ஒரு கோட்டின் நீளம் உறுதியாகத் தெரிந்தால் போதும். இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலை ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், மலைக்குப் போகாமலே தூரம் கிடைக்கும். அந்த முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே போகலாம். ஆனால் முதல் கோடு பிசகினால், பின்னால் வருகிற அத்தனையும் பிசகும். அதற்காகத்தான் 57 நாள்.

மலை இருக்கும் இடத்தில் சரி. தஞ்சாவூரில் என்ன செய்வது? தட்டை வயல். கோயில் கோபுரம்தான் மலை. 1808ல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்தில் கயிறு கட்டி ஏற்றும்போது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி அதன் வட்டமே நெளிந்துவிட்டது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தானே நிமிர்த்தினார். திரும்ப இங்கிலாந்துக்கு அனுப்பி வாங்கும் பொறுமை அவருக்கு இல்லை போல :-)

கல்கத்தாவில் ஓர் ஆற்காட்டுக்காரர்

லாம்டன் 1823ல் இறந்தார். பொறுப்பு ஜார்ஜ் எவரெஸ்ட் கைக்கு வந்தது. இங்கிலாந்து போய் 1830ல் திரும்பிய எவரெஸ்ட், சங்கிலிக்குப் பதிலாகப் புதுவகை அளவுகோல்கள் கொண்டுவந்தார். பித்தளையையும் இரும்பையும் ஜோடி சேர்த்த பத்தடிக் கோல்கள். வெயிலில் இரண்டும் வேறு வேறு அளவு நீளும். ஆனால் கோலில் குறித்திருக்கும் புள்ளிகள் நகராதபடி அமைத்திருந்தார்கள். அவற்றை வைத்து 1831-32ல் கல்கத்தாவுக்கு வடக்கே பாரக்பூர் சாலையை ஒட்டி ஆறு மைலுக்கும் சற்றுக் கூடுதலான அடிக்கோடு ஒன்றை அளந்தார்கள். பிராமி எழுத்தைப் படித்துச் சொன்ன ஜேம்ஸ் பிரின்செப் இந்தக் காட்சியைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார்.

வங்காளமும் தஞ்சாவூர் மாதிரிதான். மலை கிடையாது. அதனால் இரு முனையிலும் 75 அடிக் கோபுரம் கட்டினார்கள். பி.டி. ரோட்டில் பாய்க்பாரா பக்கம் ஒன்று, சுக்சர் பக்கம் ஒன்று. இன்றும் நிற்கின்றன. பஸ்ஸில் தினமும் கடப்பவர்களில் பாதிப்பேருக்கு அது என்னவென்று தெரியாது.

இங்கேதான் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். சையது மீர் மொஹ்சின் ஹுசேன். ஆற்காட்டுக்காரர். மதராஸில் நகை, கடிகார வேலை செய்துகொண்டிருந்தவர். கை நுணுக்கத்தைப் பார்த்த பிளாக்கர் என்ற அதிகாரி, சர்வேயர் ஜெனரல் பதவியில் இருந்தபோது 1824 வாக்கில் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார். இங்கிலாந்திலிருந்து எவரெஸ்ட் கூட்டிவந்த கருவி நிபுணர் வேலையை விட்டுப் போனபிறகு, பெரிய கருவி வட்டங்களில் பாகைக் கோடுகளைத் திரும்பப் பிரிக்கும் நுணுக்க வேலையை மொஹ்சின்தான் செய்தார். 1843ல் அதே பதவியில் நியமனமும் ஆனார். அந்தக் கருவி அலுவலகத்தின் வாரிசுதான் 1957ல் அமைந்த ஜாதவ்பூர் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் பட்டியலில் நமக்கு எவ்வளவோ முன்னோடிகள். இவரை எத்தனை பேருக்குத் தெரியும்? எவரெஸ்ட் பெயர் மலைக்குப் போனது. அந்த மலையின் உயரத்தைக் கணக்கிட்டதில் பெரும்பங்கு வகித்த ராதாநாத் சிக்தார் பெயரையாவது வங்காளிகள் விடாமல் சொல்கிறார்கள். ஆற்காட்டு மொஹ்சினை நாம்தான் மறந்துவிட்டோம்.

ரேடியோவோடு முக்காலி

இப்போது ஒரு தாவல். ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதத் தொடக்கத்தில்தான் நீக்கியது. அதற்கு முன் தனி வாங்கியில் பிசகு நூறு மீட்டர் வரை போகும். பேஸ்-ரோவர் முறை அதற்கும் முன்பே, 1990களிலேயே வந்துவிட்டது. பேஸ் வைத்துக் கழித்துவிட்டால் அந்தப் பிழையும் கழிந்துவிடுமே!

அலிப்பூரில் ஒரு மாடியில் பேஸ் வைப்பதாக வைத்துக்கொள்வோம். என்னென்ன செய்ய வேண்டும்?

ஒன்று, இடம் தெரிந்த புள்ளி வேண்டும். இரண்டு, அதன் நேர்மேலே முக்காலியைச் சமமட்டமாக நிறுத்த வேண்டும். மூன்று, புள்ளியிலிருந்து ஆண்டெனா உயரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து எழுத வேண்டும். நேராக அளந்ததா, சாய்வாக அளந்ததா என்பதும் முக்கியம். நான்கு, பேஸ் ரேடியோவும் ரோவர் ரேடியோவும் ஒரே அலைவரிசையில், ஒரே பாஷையில் பேச வேண்டும். ஐந்து, 'ஃபிக்ஸ்' வந்ததும் வேலையைத் தொடங்காமல், தெரிந்த இன்னொரு புள்ளியில் ரோவரை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

எவரெஸ்ட் கோபுரம் கட்டிய அதே காரணத்துக்காகத்தான் நாங்களும் ரேடியோ ஆண்டெனாவை உயரத்தில் கட்டுகிறோம். திறந்த வெளியில் பல கிலோமீட்டர் போகும் ரேடியோ, அடுக்குமாடிகளுக்கு நடுவே சீக்கிரம் செத்துவிடும்.

கொல்கத்தாவுக்கென்று தனித் தொல்லை ஒன்றும் உண்டு. வானத்தில் மின்னூட்டம் கொண்ட அயனி மண்டலம் பூமத்திய ரேகைக்கு இருபுறமும் திரண்டு மேடு கட்டும். வடக்கு மேட்டின் உச்சி கொல்கத்தாவுக்குப் பக்கத்தில். பங்குனி, ஐப்பசி மாதங்களில் சூரியன் மறைந்த பிறகு சிக்னல் மினுமினுத்து, 'ஃபிக்ஸ்' நழுவும். அந்த மேட்டுக்கான மின்னூட்டம் மேலெழுவது காந்த நடுக்கோட்டில். அது போவது நம்ம திருநெல்வேலிப் பக்கம்! அங்கே அயனி மண்டலத்தை ஆராய ஒரு ஆய்வகமே இருக்கிறது.

இப்போது சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க நிரந்தர பேஸ் நிலையங்களை நிறுவியிருக்கிறது. மொபைல் இணையம் இருந்தால் சொந்த முக்காலி இல்லாமலே ரோவரை ஓட்டலாம். இணையம் எடுக்காத இடத்தில் பழைய ரேடியோதான் கை கொடுக்கும்.

எந்தக் கல்லிலிருந்து?

சரி, இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? விஷயம் இங்கேதான்.

ரேடியோ பேஸ் கொடுப்பதை அப்படியே கொண்டுபோகும். அதன் தப்பையும் சேர்த்து. ஒரு தளத்தில் பார்த்தேன், யாருடையது என்பது வேண்டாம். தெரிந்த புள்ளியைத் தேட அலுப்புப்பட்டு, பேஸை ஓரிடத்தில் வைத்து 'இப்போது இருக்கும் இடம்' பொத்தானை அமுக்கிவிட்டார்கள். ரோவர் திரையில் ஒரு சென்டிமீட்டர் துல்லியம் என்றே காட்டியது. உண்மையில் மனை மொத்தமும் மூன்று மீட்டர் தள்ளிப் போயிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவு தள்ளியதால் படத்தில் குறையே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் கத்தியபோதுதான் தெரிந்தது.

இன்னொன்று. எவரெஸ்ட் கணித்த பூமி உருவமும் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் உருவமும் வேறு. ஒரே இடத்தின் அட்சம், தீர்க்கத்தை இரண்டிலும் எழுதினால் கொல்கத்தாவில் இருநூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். பழைய வரைபடத்து எண்ணை அப்படியே பேஸில் அடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கடைசியாக, காகிதம். வங்காள மௌஜா வரைபடம் ஒரு மைலுக்கு 16 அங்குல அளவு. அதில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு, தரையில் சுமார் இரண்டு மீட்டர்! சென்டிமீட்டர் கருவியை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டுக்குள் எங்கே எல்லை என்று தேடினால் கிடைக்காது. நம்ம ஊர் புலப்படம் இந்த விஷயத்தில் தேவலை. ஜி-லைன் போட்டு, அதிலிருந்து பக்கவாட்டு தூரங்களை எண்ணாகவே எழுதியிருப்பார்கள். அளந்து பார்க்க முடியும். ஆனால் அந்த எண்களும் தொடங்குவது ஒரு கல்லிலிருந்துதான். கல்லைப் பிடுங்கி யாராவது துணி துவைக்கப் போட்டிருந்தால்?

நம்மில் பலருக்கு ஊரில் அப்பா விட்டுப்போன நிலம் கொஞ்சமாவது இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவில் போவோம். சித்தப்பா, பங்காளி, பக்கத்து வயல்காரர் என்று ஏதாவது ஒரு தகராறு காத்திருக்கும். ஒரு பையன் புதுக் கருவியோடு வந்து அரைமணியில் அளந்து, கலர் படம் கொடுத்துவிட்டுப் போவான். சென்டிமீட்டர் கணக்கு இருப்பதால் அதுதான் வேதவாக்கு என்று நினைத்து, முப்பது வருஷ உறவை முறித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பேஸை எந்தப் புள்ளியில் வைத்தீர்கள்? அந்தப் புள்ளியின் எண் எங்கிருந்து வந்தது? தெரிந்த இன்னொரு கல்லில் சரிபார்த்தீர்களா? மூன்றுக்கும் பதில் இருந்தால் படத்தை நம்பி மேலே பேசலாம். இல்லையென்றால் தாலுகா சர்வேயரை முறைப்படி வரவழைத்து, பங்காளிகளையும் கூட வைத்துக்கொண்டு, கல்லிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பத்து நாள் லீவு போதாதென்றால் அடுத்த வருஷம் போய் முடியுங்கள். நிலம் எங்கேயும் ஓடிவிடாது.