பாட்டரி ஸ்டூடியோவில் மின்சூளை... பாதுகாப்பா பராமரிப்பது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஃபர்னஸ் புதுசில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ல் உற்பத்தியைத் தொடங்கிய செயின்ட் கோபேன் போன்ற கண்ணாடி ஆலைகளில், சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உலை இரவு பகலாக எரியும். அதைக் கவனிக்க ஷிஃப்ட்டுக்கு ஆள் உண்டு. ஆனா, மாடியிலோ வாடகை ஷெட்டிலோ மண்பாண்டம் சுடும் ஸ்டூடியோவுக்கு மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்டே நீங்கதான்!

ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் புதுச்சேரியில் தொடங்கிய 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யில் பயின்ற பலர் இன்று சொந்தமாக ஸ்டூடியோ நடத்துகிறார்கள். இப்போது பலர் சிறிய மின்சூளையுடனேயே ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

தனி லைன் அவசியம்

6 கிலோவாட் சூளை, 230 வோல்ட்டில் சுமார் 26 ஆம்பியர் இழுக்கும். வீட்டு பவர் பிளக் தாங்குவது 16 ஆம்பியர்தான். தனி லைன், எம்சிபி, ஆர்சிசிபி, சரியான எர்த்திங் எல்லாமே வேண்டும். டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்தால் அந்த இடம் சூடாகி ஒயர் கருகும். கருகல் வாசனை வந்தாலோ, ஒயர் நிறம் மாறினாலோ உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

'ஆஃப்' காட்டினால் போதாது

சில சூளைகளில் ரிலே ஒரு பக்க ஒயரை மட்டுமே துண்டிக்கும். காயில் ஜில்லென்று இருந்தாலும் அதில் கரன்ட் இருக்கலாம். எனவே கம்பெனிகளில் செய்வதுபோல மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, 'வேலை நடக்கிறது' என்று அட்டை தொங்கவிட்டு, கரன்ட் இல்லை என்று சோதித்த பிறகே உள்ளே கை வையுங்க. ரிலே ஒட்டிக்கொண்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால் கடைசி ஒரு மணி நேரமாவது பக்கத்தில் ஆள் இருக்கணும்.

காயிலும் தட்டும்

ஒருமுறை சூடேறிய காயில் கம்பி, ஆறியபின் எளிதில் ஒடியும். வளைத்துச் சரிசெய்யப் பார்க்காதீங்க. தட்டின் மேல்பக்கம் மட்டும் கில்ன் வாஷ் பூசினால் போதும். ஒட்டிய கிளேஸைத் தேய்க்கும்போது கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

துடைப்பம் வேண்டாம்

களிமண் தூசியில் உள்ள சிலிகா நுரையீரலில் படிந்தால், குணப்படுத்த முடியாத சிலிகோசிஸ் வரும். ஈரத் துணியால் துடையுங்க. சூளைக்குள் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்யூம் பயன்படுத்தலாம். சுடும்போது கார்பன் மோனாக்சைடும் வெளியேறும். எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத அறையில் சுடவே கூடாது.

மழைக்காலத்தில்...

ஐப்பசி, கார்த்திகையில் பாண்டம் காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். 100 டிகிரியைத் தாண்டும்போது நீராவியாகி வெடித்து, காயிலையும் கெடுக்கும். 80 - 90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்திவையுங்க. ஆறும்போது அவசரப்பட்டுத் திறந்தால் 573 டிகிரி வாக்கில் பாண்டம் விரிசல் விடும். 100-க்குக் கீழே இறங்கிய பிறகு கையுறையோடு திறக்கலாம்.

ஒரு நோட்டு போடுங்க

தேதி, சூடு, ஆன நேரம்... ஒவ்வொரு முறையும் எழுதுங்க. எட்டு மணி நேரத்தில் எட்டிய அதே சூட்டுக்கு இப்போ பத்து மணி நேரம் ஆகுதா? காயில் தேய்ந்திருக்கலாம், இல்லையெனில் ரிலே பழுதாகியிருக்கலாம். அடுத்த முறை சுடுவதற்கு முன் இரண்டையும் சோதித்துவிடுங்க.