வயிற்றாட்டி வீட்டுப் பிள்ளைகள்

லண்டனில் மருத்துவம் படித்த மேரி புன்னன் லூக்கோஸ் 1916-இல் திருவனந்தபுரம் திரும்பி, தைக்காடு பெண்கள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். பெண் என்பதற்காக இவருக்கு அறிவியல் பாடம் தர மறுத்து, வரலாறு படிக்க வைத்தது இதே ஊர்க் கல்லூரிதான். அன்று ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற மக்கள் தயங்கினார்கள். பிரசவம் பார்த்ததெல்லாம் வயிற்றாட்டிகள் என்ற நாட்டு மருத்துவச்சிகள். அவர்களோடு மல்லுக்கு நிற்காமல், மருத்துவச்சிப் பயிற்சி ஒன்றைத் தொடங்கி அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையே அதில் சேர்த்துக்கொண்டார் லூக்கோஸ். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். எனக்கு அந்தப் பதவியைவிட இந்த உத்திதான் பெரிதாகப் படுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய சிறுநீர்க் கசிவைப் பற்றி யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் பாடம் நடத்தப் புறப்படுகிறவர்கள் கடன் வாங்க வேண்டியதும் இதைத்தான்.

மருத்துவமனைப் பிரசவத்தை நோக்கி லூக்கோஸ் முன்னெடுத்த பயணம் ஏறக்குறைய முழுமையாகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 99.8 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. உயிர்கள் பிழைத்தன, அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கசிவு தொல்லையாகத் தெரியவருவது பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகு. இருமினால், தும்மினால், குழந்தையைத் தூக்கினால். உலக அளவில் பிள்ளை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது உண்டு. அந்த நாட்களில் தாயின் உடம்பைத் தினமும் பார்ப்பவர் டாக்டர் இல்லை. எண்ணெய் தேய்த்து, வேதுவெந்நீரில் குளிப்பாட்டி, வயிற்றில் துணி கட்டிவிட வரும் பெண்தான். லேகியம், பத்தியம் என்று எல்லாவற்றுக்கும் முறை வகுத்த பேறுகாலப் பராமரிப்பான பிரசவ ரட்சையில், கசிவைத் தடுக்கும் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி என்று ஒன்று இல்லை. மருத்துவர் ஆர்னால்ட் கெகல் அமெரிக்காவில் அப்பயிற்சியைப் பற்றி 1948-லேயே எழுதிவிட்டார். இங்கே இன்னமும் 'பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும்' என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

வெட்கப்பட்டு மறைக்கிற நோவுக்குக் கைபேசி நல்ல துணை, மாமியாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், நடுவில் இன்னொருத்தி எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 47 பெண்களுக்கு அந்தப் பயிற்சியை வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துப் பரிசோதித்தபோது, சரியாகச் செய்தவர்கள் பாதிப்பேர்தான். கால்வாசிப்பேர் செய்த விதம் கசிவை அதிகமாக்கவே கூடியது. வாயுவை அடக்குவதுபோல உள்ளுக்குள் இறுக்கி மேலே தூக்க வேண்டும். மூச்சு தடையில்லாமல் போய்வர வேண்டும், தொடையும் பிட்டமும் தளர்ந்திருக்க வேண்டும். பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே முக்கிவிடுகிறார்கள். முக்குவதைக் காணொளி பார்க்காது. பக்கத்தில் இருப்பவளுக்கு மூச்சு நிற்பது தெரியும்.

குளிப்பாட்ட வருகிறவர்களே தண்ணீர் குடிக்காதே, அசையாதே என்று தப்பும் தவறுமாகச் சொல்கிறார்களே என்பது அடுத்த தடை. வயிற்றாட்டிகள் மீதும் இதுபோன்ற குற்றச்சாட்டு இருந்தது. லூக்கோஸ் அதற்காக அவர்களை ஒதுக்கவில்லை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தார். காணொளியை முதலில் குளிப்பாட்ட வருகிறவர்களுக்கும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களுக்கும் கற்பித்து, அவர்கள் கையால் வீட்டுக்குள் அனுப்பலாம். வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் என்ற கணக்கை நினைவூட்ட ஆள் வேண்டுமே. சரியாக வராதவர்களைப் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பவும் அவர்களால் முடியும்.

இன்னொன்றும் உண்டு. 2020-இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, கசிவு இல்லாத கர்ப்பிணிகள் முன்கூட்டியே பயிற்சி செய்தால் பிரசவத்துக்குப் பிறகு கசிவு வரும் வாய்ப்பு குறைகிறது. வந்துவிட்ட கசிவைப் பிரசவத்துக்குப் பின் தொடங்கும் பயிற்சி எவ்வளவு தீர்க்கும் என்பதற்குச் சான்று அத்தனை உறுதியாக இல்லை. ஆகவே காணொளி கைக்கு வர வேண்டிய நேரம் குழந்தை பிறந்த பிறகல்ல, ஆஷா பணியாளர் கர்ப்பிணியின் பெயரைப் பதிவு செய்யும்போதே.