ட்ரெபிள்

பழைய டூ-இன்-ஒன்னில் பாஸுக்குப் பக்கத்தில் இருந்த குமிழ்தான் பலருக்கு இந்தச் சொல்லை அறிமுகம் செய்தது. லத்தீனின் ‘ட்ரிப்லுஸ்’, அதாவது மும்மடங்கு, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ட்ரெபிள் ஆனது. மூன்றுக்கும் ட்ரெபிள் குறிக்கும் உச்ச ஒலிக்கும் என்ன உறவு? 13ஆம் நூற்றாண்டு பாரிஸின் மோட்டெட் பாடல்களில், அடியில் ‘டெனர்’ குரல் மெட்டை இழுத்துப் பிடித்து நிற்கும். அச்சொல்லின் வேரே ‘பிடித்திரு’தான். அதன்மேல் இரண்டாம் குரல். அதற்கும் மேல் மூன்றாவது, ‘ட்ரிப்ளும்’. எண்ணிக்கையே உயரத்துக்குப் பெயராகிவிட்டது.

ஹெட்போன் ரசிகர்கள் சொல்லும் ட்ரெபிள் அந்தக் குரல்களையெல்லாம் தாண்டியது. பியானோவின் கடைசிக் கட்டை ஏறத்தாழ 4186 ஹெர்ட்ஸ். இவர்களது ட்ரெபிள் கிட்டத்தட்ட அங்கேதான் தொடங்குகிறது. அங்கே ஸ்வரம் குறைவு. சிம்பலின் சிலிர்ப்பும் ‘ஸ’கரத்தின் சீறலும்தான் அதிகம். பையர்டைனமிக் டிடி 990 ஹெட்போனைக் கேட்டவர்கள் ‘பளிச்’ என்பார்கள், சிலர் ‘காதைக் குத்துகிறது’ என்பார்கள். இரண்டும் அதன் ட்ரெபிளில் தூக்கலாக இருக்கும் ஒரே மேட்டைப் பற்றிய பேச்சு. 1984இல் வந்த, விலை மலிவான காஸ் போர்ட்டா ப்ரோ இதற்கு நேர் எதிர்: பாஸ் தூக்கல், மேலே மென்மை. என் காதுக்கு அதுதான் இதம், சிம்பல் சற்று மங்கினாலும்.