நிலவின் கல் யார் கணக்கில்?

நிலவுக்குப் போன கதையை நம் பிள்ளைகள் வீரக் கதையாகவே கேட்டிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாகக் கொள்முதலும் விற்பனையும் பார்த்தவன் நான். எனக்கு எழும் கேள்வி வேறு: அங்கிருந்து வந்த சரக்கு யாருக்குச் சொந்தம்?

நிலவை எந்த நாடும் தன் உடைமை என்று உரிமை கொண்டாடக் கூடாது என்றது 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம். எடுத்துவரும் கல்லும் மண்ணும் யாருடையவை என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1969 முதல் 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்களில் அமெரிக்கர்கள் 382 கிலோ கொண்டுவந்து அரசு உடைமையாக வைத்தார்கள். சோவியத்தின் லூனா-16, ஆளில்லாமலே போய் 1970-இல் 101 கிராம் கொண்டுவந்தது. அதில் மூன்று துணுக்குகள், மறைந்த ராக்கெட் மேதை கொரோலேவின் துணைவியாருக்குப் பரிசாகப் போயின. 1993-இல் நியூயார்க் ஏலத்தில் அவை 4,42,500 டாலருக்கு விலைபோயின. எடை கால் கிராம்கூட இல்லை! நிலவு யாருக்கும் சொந்தமில்லை; அதன் மண்ணோ கைமாறிவிட்டது.

1979-இல் வந்த நிலவு உடன்படிக்கை, அங்குள்ள வளங்கள் மனித குலத்தின் பொதுச்சொத்து என்றது. அமெரிக்கா அதில் சேரவே இல்லை. மாறாக, விண்வெளியில் தன் குடிமக்கள் எடுக்கும் வளம் அவர்களுக்கே சொந்தம் என்று 2015-இல் சட்டம் போட்டது. 2020-இல் நாசா, நிலவு மண்ணை விலைக்கு வாங்க நான்கு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்தது. அதில் ஒரு நிறுவனத்தின் விலை ஒரே ஒரு டாலர். வியாபாரிக்கு இது உடனே புரியும். அது சரக்குக்காகப் போட்ட விலையல்ல. விற்கலாம் என்ற வழக்கத்தை உண்டாக்கப் போட்ட முதல் பில்.

நம் நாட்டின் நிலை என்ன? 2008-இல் நாம் அனுப்பிய சந்திரயான்-1, நிலவில் நீரின் தடயத்தைக் காட்டியது. நீரிலிருந்து ராக்கெட் எரிபொருள் செய்யலாம். இன்றைய போட்டிக்கு அது ஒரு பெரிய காரணம். 1979 உடன்படிக்கையில் 1982-இல் கையெழுத்திட்டோம், ஆனால் உறுதி செய்யவில்லை. 2023-இல் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டிலும் கையெழுத்திட்டோம். வளங்களை எடுப்பதாலேயே நிலவுக்கு உரிமை கொண்டாடியதாகாது என்கிறது அது. ஆக, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு பேரேட்டிலும் நம் பெயர் இருக்கிறது.

சமண இல்லறத்தாருக்கு மிகுபொருள் விரும்பாமை ஒரு விரதம். பொருளே கூடாது என்பதல்ல. இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்வது. நிலவுக்கும் அப்படியொரு வரையறைதான் வேண்டும்: எவ்வளவு எடுக்கலாம், பின்னால் வருகிறவர்களுக்கு எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று.

நிலவிலிருந்து கல்லும் மண்ணும் கொண்டுவரப்போகும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்னால், அதை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது என்று நாம் முடிவுசெய்துகொள்வது நல்லது.