சீதனக் காணியும் கணவன் கையொப்பமும்

எழுவைதீவில் பிறந்து, தாய்வழி வந்த சீதனக் காணியிற் குடியிருக்கும் ஒரு பெண், அக்காணியில் ஒரு பரப்பையேனும் விற்கவோ வங்கியில் ஈடுவைக்கவோ விரும்பி நொத்தாரிசிடம் போனால், முதலில் எழும் கேள்வி, “உம்முடைய அவர் வந்திருக்கிறாரா?” என்பதே. உறுதியில் இருப்பது அவள் பெயர். வேலியடைப்பிப்பவள் அவள், ஓலை வெட்டுவிப்பவள் அவள், கிழங்கு கிண்டி ஒடியலாக்கிக் காயவைப்பவளும் அவளே. ஆயினும் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அந்த உறுதியை அவள் வேறொருவர் பெயருக்கு மாற்ற இயலாது. ஊர் வழக்கு என்றோ, குடும்பத்துக்கு அடங்கிய மரியாதை என்றோ இதனைச் சிலர் எண்ணிக்கொள்ளக்கூடும். அப்படியன்று, இது சட்டம்.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இவ்வாறு விதிக்கின்றது. மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே உரிய தனிச்சொத்து என்று அது தாராளமாகத் தொடங்குகின்றது. அசையும் சொத்தை அவள் விருப்பம்போல் கையாளலாம் என்கிறது. அசையாச் சொத்து என்று வந்தவுடனே கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று கையைக் கட்டுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மரணசாசனம் எழுதுவதற்கு அவளுக்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை. தன் காணியைத் தான் செத்த பின் எவருக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கப் போதிய அறிவு அவளுக்கு உண்டு; உயிரோடிருக்கும்போது அதே காணியைப் பற்றித் தீர்மானிக்க அறிவு போதாது! அடுத்த பிரிவு கணவனின் சொத்தைப் பற்றியது. மணமாகாதவனைப் போலவே தன் சொத்தை அவன் முழு உரிமையோடு கையாளலாம். மனைவியின் சம்மதம் என்ற பேச்சே அங்கு இல்லை.

இதனைத் திருத்தவேண்டும் என்று எவரேனும் வாய்திறந்தால் உடனே எழும் குரல், “தேசவழமையிற் கைவைக்காதீர்; அது தமிழர் தனித்துவத்தின் அடையாளம்” என்பதாகும். தனித்துவம் காக்கப்படவேண்டியதே. ஆனால் அடையாளம் என்று நாம் கட்டிக்காப்பது எதனை என்பதைச் சற்று விளக்கேற்றிப் பார்த்தல் நன்று.

தேசவழமை ஏட்டில் ஏறியது ஒல்லாந்தர் காலத்தில். தேசாதிபதி கோர்னெலிஸ் யோவான் சைமன்ஸ் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் இவ்வழக்கங்களைத் திரட்டி 1707இல் ஒப்படைத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் திருத்தங்கூறி ஒப்புதல் அளித்தனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்கு விதியால் அதற்கு முழுச் சட்ட வலுவைத் தந்தனர். பன்னிரண்டு பேரும் ஆண்கள், உடைமை உள்ளவர்கள், ஒல்லாந்த ஆட்சியில் பதவி பெற்றவர்கள். பெண்ணொருத்தியை அழைத்து, “அம்மா, உங்கள் வழமை யாது?” என்று கேட்டவர் இலர். அந்த நூலிலேயே ஓர் அதிகாரம் முழுவதும் அடிமைகளைப் பற்றியது. அவ்வடிமைகளையும் எவரும் கேட்டிலர். கேட்கப்பட்டவர்களின் வழமையே தேசத்தின் வழமையாயிற்று.

இருந்தும், அந்தப் பழைய ஏட்டில் பெண்ணின் நிலை இன்றைய சட்டத்தைவிட ஒரு வகையில் உறுதியாக இருந்தது என்பதுதான் வியப்பு. சொத்து மூவகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும் தாய்வழிச் சீதனம் பெண்மக்களுக்கும் செல்லுதல் பண்டைய முறை. ஆண்மக்கள் மணமாகும்வரை தம் உழைப்பைப் பெற்றோரிடமே ஒப்படைக்கவேண்டும்; சகோதரிகளின் சீதனத்துக்கு அவ்வுழைப்பு உதவிற்று. சீதனம் பெற்றவள் அதனோடு மனநிறைவு கொள்ளவேண்டும், மேலும் பங்கு கேட்கலாகாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. தாய்வழியாகச் சொத்துச் செல்லும் இந்த நெறியில் மலையாளத்து மருமக்கட்தாயத்தின் சாயல் உண்டு என்று எச். டபிள்யூ. தம்பையா போன்ற சட்ட அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மாப்பிள்ளை பெண்வீட்டிற் குடிபுகும் யாழ்ப்பாண வழக்கமும் இதனோடு பொருந்துவது.

கணவனின் சொல்லுக்கு மனைவி அடங்கியவள் என்றும், அவன் சம்மதமின்றி அவள் எதையும் தானமாக வழங்கலாகாது என்றும் அந்த ஏடு கூறுவது உண்மை. ஆனால் கணவனுக்கும் அது ஒரு கடிவாளம் போட்டது. மனைவி மக்கள் சம்மதமின்றித் தன் சொத்திற் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவன் மருமக்களுக்குத் தானம் செய்யலாகாது. மனைவியின் சீதனத்திலோ எதனையும் தானம் செய்யவே முடியாது. கட்டு இருபுறமும் இருந்தது. 1911இல் வந்த சட்டம், தனியுடைமை வளர்ந்துவந்த காலத்துக்கேற்ப, ஆணின் கட்டை அவிழ்த்துவிட்டது. பெண்ணின் கட்டை அப்படியே விட்டுவைத்தது. ஆகவே நாம் அடையாளம் என்று காத்து நிற்பது பழைய வழமையின் பாதியை. அதுவும் ஆங்கிலேயரின் சட்டசபை வெட்டியெடுத்துத் தந்த பாதியை.

சீதனக் கதையோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு கதை உண்டு. தேசவழமை ஏடு கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என நான்கு பிரிவினரை அடிமைகள் வரிசையில் வைத்தது. ஒருவருடைய அடிமை ஆண் வேறொருவருடைய அடிமைப் பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணை உடையவருக்கே சொந்தம். ஒரு தாய் தன் மகளுக்குக் காணியை விட்டுச்சென்றாள். அதே ஊரில் வேலிக்கு அப்பால் இன்னொரு தாய் தன் மகளுக்கு அடிமைத்தனத்தை விட்டுச்சென்றாள். இரண்டும் தாய்வழி, இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை. தாய்வழி உரிமை என்றவுடன் பெண்ணின் பொற்காலம் என்று துள்ளிக்குதிப்பவர்கள் இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும்.

அடிமைமுறையை ஒழிக்கும் வழியும் பெண்ணின் ஊடாகவே தேடப்பட்டது. 1821ஆம் ஆண்டின் ஒழுங்கு விதி ஒன்று, கோவிய, நளவ, பள்ள அடிமைகளின் பெண் குழந்தைகளைப் பிறந்தவுடன் அரசே உடையவருக்கு விலைகொடுத்து விடுவிக்க ஏற்பாடு செய்தது. மகள் விடுதலையானால் அவள் வயிற்றிற் பிறப்பவர்களும் விடுதலையாவர். சில தலைமுறைகளில் அடிமைகளே இல்லாது போவர் என்பது கணக்கு. உடையவன் மனமும் நோகாமல், கஜானாவும் பெரிதாகக் குறையாமல், அடிமையின் விலங்கை மட்டும் ஆறுதலாக அறுக்கும் கணக்கு! சட்டப்படி அடிமைமுறை முற்றாக நீங்க 1844 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அன்று விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு குழி நிலமும் உடன் வரவில்லை. கணவன் கையொப்பம் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு எழுவதற்கே முதலிற் காணி வேண்டும். ஆகவே சீதனக் காணியைப் பற்றி நாம் பேசும்போது, அந்தப் பேச்சுக்கு வெளியே வரம்பில் நிற்கும் பெண்களும் உண்டு என்பதை மறக்கலாகாது.

தீவகத்தின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு 1911ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்ட அன்றே பழசாகிவிட்டது என்பது விளங்கும். ஆண்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்தனர். புங்குடுதீவாரின் வணிகம் நாடறிந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். ஊரிலே தங்கிக் குடும்பத்தையும் காணியையும் பனையையும் ஆண்டவர்கள் பெண்கள். பனாட்டுப் போட்டதும், கடகமும் பாயும் இழைத்ததும், கருவாடு காயவைத்ததும், கூலி கொடுத்ததும், கடன் வாங்கியதும் அவர்களே. நிருவாகம் அவளுடையது; நிருவாகி என்ற பட்டம் அவனுடையது. விவாக காலத்தில் இருவரும் சேர்ந்து தேடிய தேட்டத்தைக்கூட, நிருவாகி என்ற உரிமையிற் கணவன் தனியே விற்கலாம், ஈடுவைக்கலாம் என்றே சட்டம் பொருள்கொள்ளப்பட்டு வந்தது.

இலங்கையின் ஏனைய பகுதிகளில் நிலைமை மாறிற்று. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம், மணமான பெண்ணுக்குத் தன் சொத்தைக் கணவன் சம்மதமின்றிக் கையாளும் உரிமையைத் தந்தது. தேசவழமைக்கு உட்பட்ட தமிழ்ப் பெண்களை அச்சட்டம் விலக்கிவைத்தது. யாழ்ப்பாணத்துச் சட்டத்திலோ வேறொரு விசித்திரம்: தேசவழமைக்கு உட்படாத பெண்ணொருத்தி உட்பட்ட ஆணை மணந்தால், அந்த விவாகம் நிலைக்கும்வரை அவளும் அதற்கு உட்பட்டவளாகிவிடுகிறாள். ஆணின் சட்டம் ஆணோடு போகிறது. பெண்ணின் சட்டம் தாலியோடு மாறுகிறது.

வாக்குரிமையின் கதையையும் இங்கே ஒரு சொல்லிற் சொல்லிவிடலாம். 1931இல் டொனமூர் அரசியலமைப்பின்படி ஆண், பெண் அனைவரும் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். சேர். பொன். இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களே எதிர்த்த உரிமை அது. ஆனால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்காரத்தால் ஊர்காவற்றுறை உட்பட நான்கு தொகுதிகளில் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. பூரண சுயராச்சியம் கேட்ட அந்த இளைஞர்கள் சாதிக் கொடுமையையும் எதிர்த்த உயர்ந்த உள்ளம் படைத்தவர்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் தீவகப் பெண் தன் முதல் வாக்கைப் போடுவதற்கு 1934ஆம் ஆண்டின் இடைத்தேர்தல்வரை காத்திருந்தாள். அதனைப் பற்றியும் அவளிடம் எவரும் கேட்கவில்லை.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமாக எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. 16ஆம் உறுப்புரையோ, அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் ஏற்கெனவே உள்ள சட்டங்கள் செல்லுபடியாகும் என்கிறது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையால் வாங்குதல் என்பது இதுதான். பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1981இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 6ஆம் பிரிவு அசையவில்லை.

பின்னர் வந்தது போர். 1990இன் பின் தீவகம் குண்டுவீச்சையும் இடப்பெயர்வையும் கண்டது. போர் முடிந்த 2009க்குப் பிறகு ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் ஆண் இல்லை. இறந்தவர் சிலர், காணாமல் ஆக்கப்பட்டவர் சிலர், கடல்கடந்து சென்று தொடர்பற்றுப் போனவர் சிலர். விதவைக்குச் சம்மதம் தேவையில்லை. ஆனால் கணவன் இறந்தான் என்று ஒப்ப மறுத்து, அவன் படத்தைக் கையில் ஏந்தித் தெருவில் நிற்கும் பெண் யார்? அவளை விதவை என்று எழுத அவளும் உடன்படாள், நாமும் வற்புறுத்தலாகாது. 2016இல் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ‘காணப்படாமைச் சான்றிதழ்’ பெற வழி செய்யப்பட்டது நல்ல காரியமே. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவிலும் ஒரு வாசல் உண்டு: கணவன் கைவிட்டிருந்தால், இருக்குமிடம் தெரியாதிருந்தால், சித்தசுவாதீனமற்றிருந்தால், ஈராண்டுக்கு மேல் சிறையிலிருந்தால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், அவள் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அனுமதி பெறலாம். மனு என்றால் சட்டத்தரணி, கட்டணம், தவணை. எழுவைதீவிலிருந்து வருபவளுக்குப் படகு, அதன்பின் பஸ், அன்றைய கூலியின் இழப்பு. கடல் கொந்தளித்தால் தவணையும் போயிற்று.

காணியை ஈடுவைத்து வங்கியிற் கடன் பெற முடியாதவள் எங்கே போவாள்? ஈடு கேட்காத இடத்துக்குப் போவாள். போருக்குப் பின் வடக்கிலே வீடு வீடாக வந்த நுண்கடன் கம்பனிகள் காணி உறுதி கேட்கவில்லை. ஐந்து பெண்களைச் சேர்த்து ஒருத்திக்கு மற்றவள் பிணை என்றன. வட்டி ஏறிற்று, வாரந்தோறும் வசூலிக்க ஆள் படலையில் நின்றான். நிலைமை எவ்வளவு முற்றிற்று என்றால், வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனை இரத்துச் செய்வதாக 2018இல் அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று. சொத்துள்ள பெண்ணைச் சொத்தில்லாதவளாக்கியது சட்டம். அவளைக் கடன்காரியாக்கியது சந்தை. இரண்டையும் வெவ்வேறு பிரச்சினைகளாகப் பிரித்துப் பேசும் நிபுணர்களை நான் ஐயத்தோடு பார்க்கிறேன்.

குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி 1884இல் எழுதிய எங்கெல்ஸ், பெண்ணின் விடுதலையைச் சமூக உற்பத்தியில் அவள் பங்கோடு இணைத்தார். தீவகப் பெண் உற்பத்தியில் என்றும் பங்குகொண்டே வந்திருக்கிறாள். இல்லாதது கையொப்பம் மட்டுமே என்று இங்கே ஒரு குறிப்பை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

சட்டத்தைத் தொட்டால் வானம் இடிந்து விழாது என்பதற்கு அண்மைய சான்று உண்டு. அரச காணி வழங்கும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரிமையாளர் எவரையும் நியமிக்காது இறந்தால், மகளுக்கு முன் மகனை வாரிசு வரிசையில் நிறுத்தியிருந்தது. பெண்கள் அமைப்புகள் பல்லாண்டு வற்புறுத்தியதன் பயனாக 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் ஆண், பெண் என்ற வேறுபாட்டை நீக்கி, மூத்த பிள்ளை எவரோ அவரை முன்வைத்தது. அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சட்டத்தின் 6ஆம் பிரிவு திருத்தப்படவில்லை. எழுவைதீவுக்காரியின் உறுதி பெட்டிக்குள் இருந்தபடியே இருந்தது.